ட்ரில் செல்வராசு அண்ணன்

செல்வராசு அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லையாம்...

அரியலூரில் எங்கள் பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன். ஸ்கூலில் ட்ரில் என்றால் லெஃப்ட் ரைட், காட்டுப் பக்கம் ட்ரில் என்றால் போர் போடுகிற வண்டி. எங்கள் ஏரியாவில் ட்ரில் என்றால் அவர்தான். அப்போது அங்கே சுவரில் ஓட்டை போடுகிற மிஷின் சொந்தமாக வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

கல்யாணமான புதிதில், 2001 என்று நினைக்கிறேன், சீரில் வந்த எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைச் சமையலறைச் சுவரில் மாட்ட அவரைக் கூப்பிட்டேன்.

"பென்சில்ல குறிச்சுக் குடும்மா. ஓட்ட போட்டா போட்டதுதான்" என்றார். குறித்த இடத்துக்குக் கீழே பழைய பேப்பரை மடித்து ஒட்டிவிட்டுத்தான் மிஷினை எடுப்பார். செங்கல் தூள் ஒரு சிட்டிகைகூடத் தரையில் விழாது.

அப்போது எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. மூன்று மாதம் முடியட்டும் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மாசமாக இருக்கிற வீட்டில் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தட்டு ஸ்டாண்ட் மாட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிக் கொடுத்தார். புதன்கிழமை எனக்கு உதிரம் பட்டது. கரு தங்கவில்லை.

பெரம்பலூரில் லேடி டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். "வளர்ச்சி நின்னே ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சும்மா. நீங்க எதுவும் பண்ணதால இல்ல." அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் மாமியார் அந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "அந்த மிசினு போட்ட போடுல செவுரே அதுருச்சு... வயித்துல இருக்கறது தாங்குமா?" தெரு முழுக்க இதையே சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னால், இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். தினமும் பெரம்பலூர் ஆபீஸுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்துகொண்டிருந்தேன். பஸ்தான் காரணம் என்பார்கள், வேலையை விடு என்பார்கள்.

அந்த வேலைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழி மிஷின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுயநலம்தான், வேறென்ன.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா... ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா மிசினக் கையால தொட்டிருக்க மாட்டேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பையை இறக்கும் முன் கேட்பார். "வூட்டுல முழுவாம யாராச்சும் இருக்காங்களாம்மா?" புதுப்பெண்கள் வெட்கப்பட்டு உள்ளே ஓடுவார்கள். "அண்ணன் ஓட்ட போட வந்தாரா, கணக்கெடுக்க வந்தாரா" என்று தெருவே கிண்டல் செய்தது.

கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதில் எத்தனை வேலை கைவிட்டுப் போனதோ...

2003-ல் என் மகள் பிறந்தாள். தொட்டிலுக்குக் கொக்கி மாட்ட அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். கேட்டைத் தாண்டவில்லை.

"வேற ஆள அனுப்புறேம்மா. ஒங்க வூட்டுக்குள்ள என் மிசினு வேணாம்."

"அண்ணே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாமியார் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகிறது. நாங்களும் திருச்சிக்கு வந்துவிட்டோம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று... இதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

இன்று காலையில் ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு அரியலூருக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொட்டிலுக்குக் கூப்ட்டப்ப வந்தாரே, அதுக்கப்பறம் ஒங்க வூடு இருந்த தெருவுல அவரு நடந்ததே இல்லம்மா. சுத்திக்கிட்டுத்தான் டவுனுக்குப் போவாரு."

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, பஸ், வேலை, எல்லாம்.

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை.

"இத ஒரு தடவ அவருகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா..."

செல்வராசு அண்ணே, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. போய் வாருங்கள்.