யாருக்கோ ஒரு நீலப் பை

ஒஸ்லோவில் காலை எட்டரை ஆகியும் விடியவில்லை. இலவச உணவு கொடுக்கும் கூடத்தின் வெளியே, பனியில், ஆட்களுக்குப் பதிலாக அவர்களுடைய பைகள் வரிசையில் நிற்கின்றன. கதவு திறந்ததும் இருட்டிலிருந்து ஆட்கள் சத்தமில்லாமல் வந்து தத்தம் பையை எடுக்கிறார்கள். ஒரு நீலப் பைக்கு மட்டும் யாருமில்லை. அதற்குப் பின்னால், எனக்கு முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்து அக்கா அதைக் காலால் முன்னே தள்ளிக்கொண்டே வருகிறார்.

"யாரோடது அக்கா?"

"வடக்கிலை ஒரு தீவிலை இருந்து வந்த நோர்வே மனுசியின்ரை. அங்கை இருந்த ஒரே கடைக்கு அரசாங்கம் குடுத்த உதவிக்காசை நிப்பாட்ட, அதுவும் பூட்டுப்பட்டுப் போச்சாம்; அதாலைதான் இஞ்சை வந்தவ. மூண்டு கிழமையாய் ஆளைக் காணேல்லை. பை மட்டும் வருது."

"நீங்க கொண்டு வரலையா?"

"இல்லை. எனக்கும் பயமாய்த்தான் கிடக்கு."

கதவருகே உணவு கொடுப்பவர் எதுவும் கேட்காமல் பையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் நிரப்பிச் சுவரோரம் வைக்கிறார். யார் வருவார்கள் என்று பார்க்க நான் நிற்கிறேன். அக்கா என் கையைப் பிடித்து இழுக்கிறார்.

"பாக்காதேங்கோ தம்பி. வாற ஆளுக்கு வெக்கமாய் இருக்கும்."

டிராம் நிறுத்தத்தை நோக்கி நடக்கிறோம். பின்னால், அந்தச் சுவரோரம், பனி நெரிபடும் சத்தம் கேட்கிறது. இருவரும் திரும்பவில்லை.