கிளவுஸைக் கழற்றாத மெக்கானிக்

கம்பெனி பஸ்ஸில் நான் படிக்கும் இங்கிலீஷ் நாவலை, பக்கத்து சீட் பர்வீன் அக்காவுக்கு தினமும் தமிழில் சொல்லியாக வேண்டும். இருவரும் ஷூ தைக்கிற செக்ஷன்.

நீராவியில் ஓடும் ஒரு நகரம். உள்ளங்கையால் தொட்டே காயம் ஆற்றும் மந்திர வைத்தியக்காரி. அவளைப் பார்க்கவே தினமும் வரும் இன்ஜின் மெக்கானிக், வெந்துபோன கையிலிருந்து லெதர் கிளவுஸை மட்டும் கழற்ற மாட்டான். பாதிப் புத்தகம் தாண்டியும் விரல்கூடப் படவில்லை. இவ்வளவு நிதானமாகக் காதலை எழுத என்ன துணிச்சல்!

"கூச்சப்படறான்க்கா."

"இன்னா கூச்சம்? நாள் பூரா ஆவியில நிக்கறான். லெதர் சுருங்கி கையோட ஒட்டியிருக்கும். எப்டி கழட்டுவான், பாவம்?"

இன்று மாலை, பஸ் ஆம்பூர் தாண்டியதும், கதையில் அவன் விரல் விரலாகக் கிளவுஸை உருவ ஆரம்பித்தான். நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா சட்டென்று பக்கத்தின் மேல் கையை வைத்தார்.

"போதும். மிச்சம் நாளைக்கு."

"ஏன்க்கா?"

"அவ இவ்ளோ நாள் காத்துனு இருந்தா இல்ல? நாமளும் ஒரு ராத்திரி இருக்கலாம்."

நான் திருட்டுத்தனமாகப் படித்துவிடுவேன் என்று, புத்தகத்தைத் தன் டிபன் பையில் போட்டுக்கொண்டு இறங்கியும் விட்டார்.

இந்த நாவலைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் ரகசியமாகச் சொல்லுங்கள். கிளவுஸ் கழன்றதா, இல்லை நிஜமாகவே லெதர் சுருங்கிவிட்டதா?