சரசாவின் போன் சரசாவுடையது

பட்டாபிராம் சரசா பாரசூட் தைக்கிறவள். பூந்தமல்லிக்கு மேற்கே, ராணுவத்துக்காக மட்டுமே வேலை செய்யும் கொற்றவை தொழிற்சாலையில் கல்யாணமான மறு வருடம் சேர்ந்தாள். இப்போது மகள் சுவேதா கல்லூரிக்குப் போகிறாள். சரசா இன்னும் அதே மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தத் தொழிற்சாலையில் எந்தத் துணியில் தைக்கிறார்கள், எத்தனை தைக்கிறார்கள், தைத்தது எந்த ஊருக்குப் போகிறது என்று வெளியே மூச்சு விடக் கூடாது. சரசா விட்டதில்லை. அவள் புருஷன் டில்லிபாபு பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாத ஆள்.

"ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் எங்கைல கதை சொல்றான். கட்னவ மட்டும் வாயே தொறக்க மாட்டேன்றா" என்று குறைப்படுவான்.

"துணி தைக்கிறேன்யா. சோத்த துன்னு" என்பதோடு சரசா முடித்துக்கொள்வாள்.

அவளுக்கு அது ஒரு பாரமாகவே தோன்றியதில்லை. முகம் தெரியாத ஏதோ ஒரு பையன் ஆகாயத்திலிருந்து குதிக்கிறான். அவன் உயிர் தன் தையலில் தொங்குகிறது. அவன் எங்கே குதிக்கப் போகிறான் என்பது எதிராளிக்குத் தெரிந்தால் தையல் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? இந்த அளவுக்கு அவளுக்கு விளங்கியிருந்தது, அது போதுமானதாகவும் இருந்தது.

போன வருடம் ஒருவன் அவளுக்குப் போன் செய்தான். டெல்லி ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னான். தேன் போன்ற குரலில், இந்த மாதம் எத்தனை உருப்படி முடிந்தது என்று கேட்டான். "உங்க ஆபீஸ்லயே கணக்கு இருக்குமே சார்?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்த சரசா, மறுநாள் காலையில் நேராகப் பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சொன்னாள். விசாரித்துப் பார்த்ததில் அவன் டெல்லிக்காரனே இல்லை. குடியரசு தினத்தன்று மேலாளர் கிருஷ்ணப்பிரியா அவளை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சால்வை போர்த்தினார். டில்லிபாபு அந்தப் படத்தை ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டான்.

இப்படிப்பட்ட சரசாதான் இந்த ஆண்டு கேட்டில் நின்று, "என்னால முடியாது" என்று சொன்னாள்.

வடக்கே எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வரைபடம் ஒன்று போன் வழியாக வெளியே போய்விட்டது. அதைத் தொடர்ந்து ஓர் உத்தரவு வந்தது: தொழிலாளர்கள் எல்லாரும் தங்கள் சொந்தப் போனில் 'அரண்' என்ற செயலியை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் நேரத்தில் போன்கள் கேட்டில் உள்ள பெட்டியில் பூட்டித்தான் கிடக்கும். அது பழைய வழக்கம், யாரும் முணுமுணுத்ததில்லை. அரண் பார்க்கப் போவது மற்ற நேரத்தை. யாரோடு பேசுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று எல்லாமே பாதுகாப்பு அறையின் திரையில் தெரியும். வாட்ஸப்பில் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டுமே புரியும்படி பூட்டி அனுப்பப்படும் செய்திகூட, போனின் திரைக்கு வந்ததும் அதன் கண்ணில் பட்டுவிடும். திங்கட்கிழமைக்குள் ஏற்றாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

"ஊட்டுக்குப் போனப்புறமும் பாக்குமா?" என்று சரசா கேட்டாள்.

"எப்பவும் பாக்கும்மா" என்றான் கேட்டில் இருந்தவன்.

அவளுக்கு ஏனோ கை வரவில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். மற்ற பெண்கள் வியாழக்கிழமையே ஏற்றிவிட்டார்கள். அவர்களில் பொன்னியம்மாவும் ஒருத்தி.

பொன்னியம்மா சரசாவுக்குப் பக்கத்து மிஷின்காரி. புருஷனின் அடி பொறுக்காமல் ஒரு மாதத்துக்கு முன்புதான் அவனை விட்டு வெளியேறியிருந்தாள். குத்தம்பாக்கத்தில் தங்கை அங்கம்மா அண்மையில் குடிபோன வீட்டில் ஒளிந்திருந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அங்கம்மாவையும் சரசாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. புருஷன் தங்கராஜ் அதே தொழிற்சாலையில், பாதுகாப்பு அறையில் வேலை பார்த்தான். பெண்கள் ஷிப்ட் முடிந்து போகும் நேரத்தில் அவனால் அந்த அறையை விட்டு நகர முடியாது என்பதால், அவளைப் பின்தொடர வழியில்லாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னியம்மாவிடமிருந்து போன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"யக்கா, அந்தாளு இங்க வந்துட்டான். தெருவே பாக்க அட்ச்சிட்டுப் போறான். நீ யார்கைலயாவது சொன்னியாக்கா?"

ஊர் பேர் தெரியாதவன் தேனாகக் கேட்டபோதும் திறக்காத வாய் சரசாவுடையது. கட்டியவன் கேட்டும் திறக்காத வாய். அதைப் பார்த்து இந்தப் பெண் இப்படிக் கேட்கிறாளே. "சத்தியமா சொல்லலடி" என்றாள். மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த சுவேதாதான் கேட்டாள்: "அம்மா, அவங்க போன்ல அரண் ஏத்திட்டாங்களா?"

மறுநாள் காலையில் சரசா வேலைக்கு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு பொன்னியம்மாவும் வந்தாள். கேட்டில் சரசாவின் போனைக் கேட்டார்கள்.

"ஏத்தல. ஏத்தவும் மாட்டேன். என்னால முடியாது. மேடத்தப் பாக்கணும்."

சால்வை வாங்கியவள் என்பதால் துரத்திவிடவும் முடியவில்லை. இரண்டு பேரையும் மேலாளர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

கிருஷ்ணப்பிரியா கோபப்படவில்லை. "உங்களை யாரும் சந்தேகப்படலை சரசா. இது நாட்டுப் பாதுகாப்பு. தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?"

"இவ இன்னா தப்பு பண்ணா மேடம்?" என்று பொன்னியம்மாவின் கன்னத்தைக் காட்டினாள் சரசா. நடந்ததைச் சொன்னாள்.

"அந்தத் தகவல் பாதுகாப்பு அறையைத் தாண்டாதே?"

"அந்த ரூம்ல குந்திகினு கீறதே இவ ஊட்டுக்காரன்தான் மேடம்."

கிருஷ்ணப்பிரியாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தங்கராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து விறைப்பாக நின்றான்.

"உங்க மனைவி இருக்கிற இடம் எப்படித் தெரிஞ்சது?"

"இதோ, இந்தம்மாதான் சொல்லிச்சு மேடம்" என்று கொஞ்சமும் தயங்காமல் சரசாவைக் காட்டினான்.

சரசா வாயைத் திறப்பதற்குள், அதுவரை தரையைப் பார்த்து நின்ற பொன்னியம்மா நிமிர்ந்தாள்.

"சனிக்கெழம பூக்கடையாண்ட எவன்கூட நின்னுகினு இருந்தேன்னு கேட்டுக் கேட்டு அட்ச்சியே. அங்கம்மாகைல நான் எழுதினத வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக் காட்னியே. அதெல்லாம் சரசாக்காவுக்கு எப்டிய்யா தெரியும்?"

அவள் தன்னை எதிர்த்துப் பேசி தங்கராஜ் பார்த்ததே இல்லை. அதுவும் மேலாளர் முன்னால். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆமாண்டி, பாத்தேன்! என் பொண்டாட்டி எங்க போறா, இன்னா எழுதறான்னு நான் பாக்கக் கூடாதா? இதுக்குத்தானே இத்தக் குடுத்துகீறாங்க?"

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கிருஷ்ணப்பிரியா கதவைக் காட்டினார். "வெளியே போய் உட்காருங்க. அந்த அறைக்குத் திரும்பிப் போகக் கூடாது" என்றார்.

கதவு சாத்திய பிறகு சரசா மெல்லப் பேசினாள். "மேடம், உள்ள பாக்குறது கவர்மெண்டோடது. அத்த நான் காப்பாத்திகினுதான் கீறேன். என் போன்ல கீறது என்னோடது. இவ போன்ல கீறது இவளோடது. அத்த யாரு மேடம் காப்பாத்துவா?"

அன்று பகலே கிருஷ்ணப்பிரியா, மேலிடத்திலிருந்து மறு உத்தரவு வரும்வரை யாரும் அரண் வைத்திருக்க வேண்டியதில்லை என்று தன் பொறுப்பில் அறிவித்துவிட்டார். அது அவர் வேலைக்கே வேட்டு வைத்திருக்கலாம். பொன்னியம்மாவோடு மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு பெண் அலுவலரையும் அனுப்பிவைத்தார்.

அடுத்த வாரம் டெல்லியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று அரண் வேண்டாம் என்றார்கள். சரசா பேசியதைக் கிருஷ்ணப்பிரியா இந்தியில் சொன்னார். ஒருவன் செய்த தவறுக்காக நல்ல திட்டத்தையே கைவிடுவதா என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"ஒருத்தன்னு தெரிஞ்சுது சார். தெரியாம எத்தினி பேரோ" என்றாள் சரசா. "கேட்ல போன பூட்டுங்க. பையத் துழாவுங்க. உள்ள கேமரா வையுங்க. ஒரு வார்த்த கேக்க மாட்டோம். ஊட்டுக்கு மட்டும் கூடவே வராதீங்க."

கிருஷ்ணப்பிரியா அதைச் சொல்லிவிட்டுத் தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார்: ரகசியத்தை விற்க நினைக்கிறவன் இன்னொரு போன் வாங்கிக்கொள்வான், அவனை இந்தச் செயலி பிடிக்காது, எல்லாருடைய வாழ்க்கையையும் ஒரே அறையில் கொட்டிவைத்தால் எதிராளிக்கு அந்த ஓர் அறையை உடைத்தால் போதும். இந்தப் பெண்களை மிரட்ட வேண்டிய சங்கதி எல்லாம் அங்கேயே கிடைக்கும். அதிகாரிகள் அதையும் குறித்துக்கொண்டு போனார்கள்.

ஆடி மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. ஷிப்ட் முடிந்து கேட்டில் கூட்டமாக இருந்தபோது கிருஷ்ணப்பிரியாவே இறங்கி வந்து படித்தார். அரண் கைவிடப்படுகிறது. அதுவரை சேர்ந்த தகவல் எல்லாம் தொழிலாளர்களின் பிரதிநிதியாகச் சரசா முன்னிலையில் அழிக்கப்படும். தங்கராஜ் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். அவன் மேல் போட்ட வழக்கு தனியாக நடக்கும்.

எழுந்த கூச்சல் நெடுஞ்சாலையில் போன லாரிக்காரர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. யாரோ விசில் அடித்தார்கள். யாரோ சரசாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்க, அவள் "எறக்குங்கடி, எறக்குங்கடி" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். கேட்டில் இருந்த காவலாளிகூடத் தன் போனை எடுத்து, இன்னும் அழிக்காமல் வைத்திருந்த அரணை அழித்தான்.

சேதி எப்படியோ எட்டி டில்லிபாபு ஆட்டோவோடு வந்துவிட்டான். "இன்னாமே, டெல்லியவே ஜெய்ச்சிட்டியாமே! வாங்கம்மா, இன்னிக்கு எல்லார்க்கும் ஓசி!" என்றான். ஏற வேண்டியதற்கு இரண்டு மடங்குப் பெண்கள் ஏறினார்கள். வண்டி முனகிக்கொண்டே மெட்ரோ தூண்களின் நிழலில் பூந்தமல்லியை நோக்கி ஊர்ந்தது. சரசா இதுவரை ராணுவத்தின் பெயரால் சால்வை வாங்கியிருக்கிறாள். தன் பெயரால் ஒன்றை வென்றது இதுதான் முதல் தடவை. கண்ணில் காற்று அடித்து நீர் வழிந்ததை அவள் துடைக்கவே இல்லை.

வண்டியின் விளிம்பில் தொங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னியம்மா, இரைச்சலை மீறிக் கத்தினாள்:

"எல்லாம் கேட்டுக்கோங்கடி! குத்தம்பாக்கம், ஏரிக்கரத் தெரு, மாடி ஊடு, பச்ச கேட்டு. என் பேர்ல வாடகைக்கு எடுத்துகீறேன். ஞாயித்துக்கெழம வந்துருங்க, பிரியாணி போடறேன்!"