பைலட்டுக்கு ஒரு கவுன்சிலர்

டப்ளினில் என் பக்கத்து வீட்டுக்காரர், முடிவெட்டப் போவதைச் சொல்வதுபோல, "கவுன்சிலரைப் பார்க்கப் போகிறேன்" என்று தெருவில் நின்றே சொல்வார். வார்டு கவுன்சிலர் இல்லை, மனநல ஆலோசகர். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. நான் விமானி. சளி பிடித்தாலே பறக்கலாமா என்று யோசிக்கவேண்டிய வேலை. மனசு சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கடலூரில் அப்பா இறந்தபோது நான் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். தரையிறங்கி போனைப் போட்டால் வரிசையாக அக்காவின் மிஸ்டு கால்கள். அதன்பிறகு ஒவ்வொரு முறை இறங்கியதும் போனைப் போடாமலே நெடுநேரம் வைத்திருப்பேன்; தூக்கமும் போயிற்று. நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, டப்ளினிலேயே ஒரு கவுன்சிலர் அம்மாவைப் பார்த்தேன். "அதைப் பார்த்ததும் செத்தே போயிட்டேன்" என்று நாம் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாகவேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறதா?" இல்லை, அது எங்கள் பேச்சுவழக்கு என்று விளக்குவதிலேயே நேரம் முடிந்தது.

தமிழில் பேசினால் புரியும் என்று ஊருக்கு வந்தேன். அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஒரு கவுன்சிலரிடம் கூட்டிப்போனார். படிவத்தை வாங்கிய பெண் எல்லோருக்கும் கேட்கும்படி, "பைலட்டா சார்! எந்த ஏரோபிளேனு?" என்றாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். உள்ளே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். இதனால் பைலட் லைசென்ஸ் போய்விடுமா என்று நான் கேட்டதும், "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆபீஸ்ல சொல்லிக்காதீங்க, அவ்ளோதான்" என்றார்.

திரும்பும் வழியில் மாமாவும் அதையே சொன்னார். "அவரு சொல்றது கரெக்ட்டு மச்சான். லைசென்ஸப் புடுங்கிட்டா என்னா பண்ணுவ?"

"சொல்லாம ஓட்டுனா, பின்னாடி குந்தியிருக்கறவங்க கதி என்னா மாமா?"

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அங்கே சொன்னது புரியவில்லை. இங்கே புரிந்தவர்கள் சொல்லாதே என்கிறார்கள்.

மறுநாள் விமானிகளைப் பரிசோதிக்கும் டப்ளின் மருத்துவருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "சொன்னது நல்லது. நான் சொல்லும்வரை பறக்காதீர்கள்" என்றார். விமானிகளைப் பார்த்துப் பழகிய இரண்டு கவுன்சிலர்களின் பெயரும் கொடுத்தார். இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: நான் சொல்வதில் எது உங்களோடு இருக்கும், எது யாருக்குப் போகும்? முதலாமவர் மழுப்பினார். இரண்டாமவர், ஒரு பெண், ஒவ்வொன்றாக, ஒளிக்காமல் சொன்னார். அவரையே தேர்ந்துகொண்டேன். மறுபடி எப்போது பறப்பேன் என்பது மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

முதல் சந்திப்பு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில், அப்பாவின் அறையில், லேப்டாப் வழியாக. கதவுக்கு வெளியே அம்மா, "யாருகிட்டடா பேசற?" என்றாள்.

"ஆபீஸ்மா."

திரையில் அந்தப் பெண், "உங்களுக்கு வேண்டுமானால் தமிழிலேயே சொல்லுங்கள். புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றார். தமிழில் சொன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். அப்பா செத்துப்போனதை, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன்.