ஆம்ப்பில் கேட்ட தையல்

எடப்பாடியில் தறி மோட்டார் எரிந்துபோனால் குமரகுருவைத்தான் கூப்பிடுவார்கள். காயில் கட்டுவது அவன் தொழில். கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்துக் கொடுப்பான். மாசி, பங்குனியில் மட்டும் கடையை மத்தியானத்தோடு சாத்திவிடுவான். கோயில் திருவிழாக்களுக்குப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் கிடார் வாசித்தான். நாற்பது தாண்டியும் அந்தப் பைத்தியம் விடவில்லை.

கிடாரின் ஓசையைப் பெருக்கித் தர அவனிடம் ஒரு வால்வு ஆம்ப் இருந்தது. பெங்களூரில் ஒரு குழு கலைந்தபோது வாங்கி வந்தது. இப்போதைய ஆம்ப்கள் போல இல்லாமல் உள்ளே கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் பொறுத்தால் குழாய்களுக்குள் கங்கு போல வெளிச்சம் ஏறும், அதன்பிறகுதான் சத்தம் வரும். அதில் ஒரே ஒரு வால்யூம் திருகிதான். முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால்தான் கம்பியின் ஓசை லேசாக உடைந்து, கரகரத்து, அவன் விரும்பும் குரல் கிடைக்கும். ஆனால் அப்போது ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து ஆடும்.

தெருவுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை. இரண்டு பக்கமும் தறி ஓடுகிற தெரு. கஷ்டம் அவன் மனைவி சுகன்யாவுக்குத்தான். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு வேலை என்பதால் பகலில்தான் தூங்குவாள்.

"தறிச் சத்தத்துல தூங்கிருவேனுங்க. அது ஒரே மாதிரி ஓடும். நீங்க வாசிக்கறது எப்ப எங்க ஏறும்னு தெரியாம நெஞ்சு திக்குதிக்குங்குது" என்றாள் ஒருநாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவனுக்கு உறுத்தியது.

வழி இருந்தது. ஆம்ப்பில் முதலில் நிற்கும் சின்ன வால்வுகள்தான் சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்குகின்றன. பின்னால் இருக்கும் பெரிய வால்வுகள் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு திருகியை வைத்துவிட்டால், சின்ன வால்வுகள் முழுத் தொண்டையில் கத்தினாலும் வெளியே வருவது முணுமுணுப்பாக இருக்கும். மாஸ்டர் வால்யூம் என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தான். அன்றைக்குத் தறிகள் ஓடாது. தெருவே காது அடைத்ததுபோல இருக்கும். சுகன்யா வேலை முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்துவிட்டாள். முன்னறையில் அவன் ஆம்ப்பின் அடித்தட்டைக் கழற்றினான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ரெசிஸ்டர் வைத்து அதை மெல்ல இறக்கி, மீட்டர் முள் சுழிக்கு வந்து படுத்த பிறகே கை வைத்தான். பின்பக்கம் ஏற்கெனவே ஒரு வெற்றுத் துளை இருந்தது. அதில் இரட்டைத் திருகியைப் பொருத்தி, உறை போட்ட ஒயரில் இணைப்புக் கொடுத்தான். திருகி என்றைக்காவது உள்ளே விட்டுப்போனால் பெரிய வால்வுகள் கட்டுமீறிச் சிவந்து எரிந்துவிடும். அதற்கும் காப்பாக இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தான்.

பழைய வால்யூமை முழுக்க ஏற்றி, புதியதைக் கடுகளவு திறந்து, ஒரு கம்பியை மீட்டினான். அதே கரகரப்பு, பக்கத்தில் உட்கார்ந்து யாரோ மெதுவாகப் பேசுகிற அளவில் வந்தது. உள்ளறைக் கதவைப் பார்த்தான். சுகன்யா புரளக்கூட இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி நிறுத்தினான்.

கம்பிகள் நின்றுவிட்டன. ஸ்பீக்கரில் மட்டும் ஒரு சத்தம் நிற்கவில்லை.

டடக், டக். டடக், டக். ஆம்ப்பின் வழக்கமான இரைச்சலுக்கு அடியில், சின்னதாக.

வாசித்த ஓசைதான் எங்கோ அதிர்கிறது என்று நினைத்துக் கிடாரின் ஒயரையே பிடுங்கினான். சத்தம் தொடர்ந்தது. பென்சில் முனையால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். முதல் வால்வு மணி மாதிரி ஒலித்தது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. சில வால்வுகள் வயதானால் மைக் போல ஆகிவிடும், பக்கத்தில் எந்த அதிர்வு இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். இத்தனை நாள் முழுச் சத்தத்தில் வாசித்ததால் கேட்கவில்லை போலிருக்கிறது. கைவசம் இருந்த வேறு வால்வை மாற்றினான்.

டடக், டக். டடக், டக்.

ஆம்ப்பைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் வைத்தான். சத்தம் தேய்ந்தது. திரும்பச் சுவரோரம் தள்ளினான். பக்கத்தில் வந்தது. சுவரில் காதை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை, சுண்ணாம்பின் குளிர்ச்சிதான். அந்தச் சுவருக்கு அப்பால் பச்சமுத்துவின் வீடு. வாசலில் பூட்டுத் தொங்கியது. கொமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜீவாவைப் பார்க்கப் போவதாக வெள்ளிக்கிழமையே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

குமரகுரு தாளத்தோடு வாழ்கிறவன். அந்த டடக் எங்கே அழுந்துகிறது, அந்த டக் எங்கே தயங்குகிறது என்று கேட்கக் கேட்கப் பிடிபட்டது. அவனுக்கு அது தெரிந்த தாளம். யாரிடம் கேட்டது என்று சொல்லிக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. உள்ளே போய்ச் சுகன்யாவை எழுப்பினான்.

"கொஞ்சம் வந்து கேளேன். எனக்குத்தான் அப்படித் தோணுதா தெரியல."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து ஆம்ப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று புதுத் திருகியைப் பாதிக்குத் திருப்பினான். அறை முழுக்க நிறைந்தது அது.

"தையல் மெஷினுங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். அவள் முகம் மாறியது. "ஏனுங்க, இது பழனியம்மா பெரிம்மா மிதிக்கறதுங்க. எங் கல்யாண ரவிக்கையே அவங்கதான தச்சாங்க."

பழனியம்மாள் பச்சமுத்துவின் மனைவி. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனவர். வலது கால் அழுத்தி மிதிக்கும், இடது கால் பின்னாலேயே இழுபட்டு வரும். அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் துணி தைத்தார். அவர் இறந்து சில வருடங்களாகிவிட்டன.

சுகன்யாதான் முதலில் எழுந்தாள்.

"அதென்னமோ இருக்கட்டும். ஜீவாவுக்குப் போன் போடுங்க. பெரிப்பா வந்துட்டாரான்னு கேளுங்க."

ஜீவா உடனே எடுத்தாள். "இல்லீங்கண்ணா. நேத்தே வாரேன்னாரு. போன் பண்ணினா எடுக்கல, சரி, மனசு மாறியிருப்பாருன்னு உட்டுட்டேன். ஏனுங்கண்ணா?"

பச்சமுத்து முன்வாசலை எப்போதும் பூட்டியே வைத்துவிட்டுச் சந்துப்பக்கமிருந்த பின்கதவில்தான் போய் வருவார். இருவரும் சந்துக்கு ஓடினார்கள். பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. குமரகுரு தோளால் மோதினான். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் தெறித்தது.

சமையலறையில், அடுப்பு மேடைக்குக் கீழே, பச்சமுத்து ஒருக்களித்துக் கிடந்தார். பயணத்துக்கு எடுத்து வைத்த பை பக்கத்தில் இருந்தது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. சுகன்யா மண்டியிட்டு நாடியைப் பிடித்தாள்.

"இருக்காரு. பக்கவாதம் மாதிரி தெரியுது. நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க."

குமரகுரு போன் செய்துவிட்டு, முன்கதவைத் திறக்கச் சாவி தேடி முன்னறைக்குப் போனான். அதுதான் அவன் வீட்டுச் சுவரை ஒட்டிய அறை. அங்கே ஒரு சாமானும் இல்லை. சுவரோரத் தரையில் மெஷின் கால்கள் நின்ற இடம் மட்டும் நான்கு வெளுத்த புள்ளிகளாகத் தெரிந்தது. தூசி கலையாமல் கிடந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

அப்போது அவனுக்கு அது கேட்டது. தன் வீட்டில் அணைக்காமல் விட்டு வந்த ஆம்ப், திறந்த ஜன்னல் வழியாக, தெளிவாகத் தைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து கிளம்ப வேண்டுமோ அந்த இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். இங்கே எதுவும் அசையவில்லை. வெறும் காலைத் தரையில் அழுத்திப் பார்த்தான். அதிர்வே இல்லை. அந்த நான்கு புள்ளிகளுக்கு நடுவில் கால் வைக்க மட்டும் அவனால் முடியவில்லை. சுவரை ஒட்டிச் சுற்றிப்போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் பச்சமுத்துவைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வழியாகத்தான் போனார்கள். ஸ்ட்ரெச்சர் வாசற்படியைத் தாண்டும்வரை சத்தம் இருந்தது. பிறகு இல்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார்கள். வலது கை வரவில்லை, பேச்சு மட்டும் பங்குனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. எப்படித் தெரிந்தது என்று ஜீவா கேட்டபோது, ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது என்று குமரகுரு சொன்னான். "அப்பாவாலதான் வெரலக்கூட அசைக்க முடியலையேங்கண்ணா" என்றாள் அவள். சுகன்யா நைசாக, அம்மாவின் மெஷின் இப்போது எங்கே என்று விசாரித்தாள். கொமாரபாளையத்தில் தன்னிடம்தான் இருக்கிறது என்றாள் ஜீவா. எடுத்துப்போன அந்த மாதமே மிதிகட்டையைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்துவிட்டாளாம்.

சித்திரையில் வீட்டைக் காலிசெய்து அப்பாவைக் கூட்டிப்போக ஜீவா காரில் வந்தாள். பச்சமுத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகக் குமரகுருவின் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாமி, அதப் போடு" என்றார், ஆம்ப்பைக் காட்டி. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

குமரகுரு சுவிட்சைப் போட்டான். குழாய்கள் சிவந்தன. முன்திருகியை முழுக்கவும் பின்திருகியைப் பாதிக்கும் திருப்பினான். இரைச்சல் மட்டும்தான் வந்தது, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. அவனும் சுகன்யாவும் எவ்வளவு கூர்ந்து கேட்டும் அதற்குள் வேறொன்றும் இல்லை. பச்சமுத்து மட்டும் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். நடுநடுவே இடது கையால் தொடையில் டடக், டக் என்று தட்டினார். பிறகு யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "செரி, வாரேன்" என்றார்.

ஜீவா அவரைத் தூக்கிவிட்டாள். குமரகுரு ஆம்ப்பை அணைத்துவிட்டு, அவருடைய பையை எடுத்துக்கொண்டு கார்வரைக்கும் போனான்.