ஒன்றரை அந்தர்

சின்னம்மா இரும்பு தூக்குகிறாள் என்ற செய்தி உரும்பிராயில் எங்கள் ஒழுங்கை முழுவதும் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. பேசி வைத்த கலியாணம் குழம்பிய கவலையில் மூளை பிசகிவிட்டது என்று சிலர் முடிவு கட்டினார்கள். நானோ அவள் சேர்க்கஸில் சேரப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. நாட்டில் சேர்க்கஸ் நடக்கிற காலமா அது என்று யோசிக்கிற வயதில்லை.

அப்பா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டில் அம்மா, கைக்குழந்தையான தம்பி, அம்மாவின் தங்கையான சின்னம்மா, அவர்களுடைய தகப்பனாரான அம்மப்பா, நான். அம்மப்பா ஒரு காலத்தில் வெங்காய வியாபாரி. வாட்டசாட்டமான ஆள். ஊரெல்லாம் கிலோவுக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் பழைய கணக்கை விடவில்லை. தன் நிறையைக் கேட்டால் ‘ஒன்றரை அந்தர்’ என்பார் பெருமையாக. இன்றைய கணக்கில் எழுபத்தைந்து கிலோவுக்குச் சற்றுக் கூட. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தபோதும் அதில் ஓர் இறாத்தல் குறையவில்லை. வாயும் குறையவில்லை.

குண்டு போடுகிற பொம்மர் விமானம் இரைகிற சத்தம் கேட்டால் அம்மா தம்பியை இடுப்பில் வைத்து, என்னைக் கையில் பிடித்து, வளவின் பின்மூலையில் மாமரத்தடியில் வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓடுவாள். சின்னம்மா ஓடமாட்டாள். அம்மப்பாவின் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு நிலத்தில் இருப்பாள். அவரைப் பங்கருக்குள்ளேயே படுக்க வைக்கலாமென்றால், ஈரத்துக்குச் சளி கட்டிவிடும் என்று டொக்டர் மறித்துவிட்டார். தூக்கிக்கொண்டு போக ஆம்பிளைகளைக் கூப்பிடலாமென்றால், அந்த நேரத்தில் அவரவருக்கு அவரவர் வீட்டுப் பங்கர்.

“என்னை விட்டிட்டு ஓடடி. நான் இருந்து முடிச்ச ஆள்” என்று அம்மப்பா கத்துவார்.

“வாறதெண்டால் ரெண்டு பேரும்தான் ஐயா.”

சின்னம்மா இல்லாத பங்கர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அம்மா தேவாரத்தைத் தொடங்கிப் பாதியில் மறந்துபோவாள். குண்டு விழுந்த சத்தம் அடங்கியதும், வீட்டுப் பக்கமிருந்து சின்னம்மா “ஒண்டுமில்லை” என்று குரல் தரும்வரை எனக்கு மூச்சே வராது.

கொட்டிலுக்குள் அம்மப்பாவின் பழைய நிறைப்படிகள் கிடந்தன. தராசில் வைக்கிற இரும்புப் படிகள். மணியைக் கவிழ்த்து வைத்த உருவம், மேலே கைபிடிக்க ஒரு வளையம். பதினாலு இறாத்தல், அதன் இருமடங்கான கால் அந்தர், அதன் இருமடங்கான அரை அந்தர் என்று மூன்று. ஒருநாள் காலை சின்னம்மா அவற்றை முற்றத்துக்கு உருட்டி வந்தாள். அம்மப்பாவைத் தூக்கும் பலம் தனக்கு வரவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை. பிழை என்னவென்றால், எடுத்த எடுப்பிலேயே அரை அந்தரில் கை வைத்ததுதான். குனிந்து ஒரு இழுப்பு இழுத்தாள். படி அசைந்தது. அவள் குனிந்தபடியே நின்றாள், நிமிர முடியவில்லை.

அதன் பிறகு வீட்டில் இரண்டு கட்டில் நோயாளிகள். அம்மா நோவெண்ணெய் போட்டு உருவிக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே உருவினாள். அம்மப்பா பக்கத்து அறையிலிருந்து, “கடைக்கு வேலைக்கு வாற பெடியளுக்கே நான் முதல் நாள் அரை அந்தரைக் குடுக்கிறேல்லை” என்றார்.

சின்னம்மாவோடு படித்த சிநேகிதி ஒருத்தி பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சராக இருந்தாள். செய்தி அறிந்து சைக்கிளில் வந்து இறங்கினாள். சுகம் விசாரிக்கத்தான் வருகிறாள் என்று அம்மா தேத்தண்ணி வைத்தாள். ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சின்னம்மாவை ஏசத் தொடங்கினாள்.

“எடி, முதுகு வளைச்சுத் தூக்கினால் பிடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு கையிலும் சட்டி இருக்கேக்கை கதவைப் பின்பக்கத்தாலை தள்ளிச் சாத்துவியே, அப்பிடி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோ. முதுகு பலகை மாதிரி நிக்க வேணும். தூக்கிறது காலும் இடுப்பும்தான்.”

நோ மாறியதும் பாடம் பதினாலு இறாத்தலில் தொடங்கியது. சின்னம்மா சோட்டிச் சட்டையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, படியை இரண்டு குதிகாலுக்கும் நடுவில் வைத்து நிற்பாள். முதலில் படியே இல்லாமல் இடுப்பை மடித்து நிமிர வேண்டும். பிறகுதான் படி. மூச்சை அடக்கக்கூடாது, நிமிரும்போது விட வேண்டும். ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. “சதை நொந்தால் பறவாயில்லை, அது நல்ல நோ. முள்ளந்தண்டிலை குத்தினால் உடனை வச்சிட்டு வா” என்பது ரீச்சரின் கட்டளை. என்னை முன்னுக்கு நிற்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். நான் நின்றேன். வியர்த்த கையிலிருந்து ஒருநாள் படி வழுக்கிப் பறந்து, கீரைப் பாத்தியில் போய்க் குந்தியது. அங்கே மேய்ந்த கோழி அன்றைக்கு முட்டை போடவில்லை. மறுநாளிலிருந்து சின்னம்மா கையில் அடுப்புச் சாம்பல் பூசிக்கொண்டாள், நானும் மாமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். “பிள்ளை, உதென்ன கூத்து? நாளைக்கு ஆர் உன்னைக் கட்டுவினம்?”

“தூக்கக்கூடிய ஆரும் கட்டட்டும் மாமி” என்பாள் சின்னம்மா.

அம்மப்பாவுக்கு யன்னலால் முற்றம் தெரியும். “உது தூக்கிறதில்லை, கும்பிடுறது” என்று ஒரு நாள் சொல்வார். இன்னொரு நாள், “ஓம், இப்ப சரி” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகச் சின்னம்மா இன்னும் நாலு தரம் தூக்குவாள்.

கால் அந்தர் கைக்கு அடங்கியதும், ஒரு பின்னேரம் ரீச்சர் பார்த்திருக்க அவள் அம்மப்பாவையே தூக்கிப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் அவரை இருத்தி, நல்ல கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போடச் சொல்லி, உப்புமூட்டையாக ஏற்றிக்கொண்டு நடந்தாள். குசினி வாசல்வரை போனாள். அங்கே முழங்கால் மடங்கியது. இரண்டு பேரும் நிலத்தில் இருந்துவிட்டார்கள். அம்மப்பா சிரித்தார். சின்னம்மா கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினாள். அம்மாவும் ரீச்சரும் சேர்ந்துதான் அவரைத் திரும்பக் கட்டிலில் ஏற்றினார்கள். அவர் அப்போது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலாதெண்டில்லை. அவசரப்படாதை” என்றாள் ரீச்சர்.

அந்த ஆவணி முழுவதும் சின்னம்மா அவசரப்படவில்லை. குசினி வாசலைத் தாண்டினாள். பிறகு கொய்யா மரம்வரை. பிறகு பங்கர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். ரீச்சர் கை தட்டினாள்.

புரட்டாதியில் ஒரு மத்தியானம் பொம்மர் வந்தது. அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். பங்கர் படியில் நின்று நான் திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா செருப்பில்லாத காலோடு, முதுகில் அம்மப்பாவோடு, மூச்சை விட்டு விட்டு முற்றத்தால் வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, நடந்தாள். படியிறங்கிப் பலகையில் அவரை இருத்தியபோது குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. மேலேயிருந்து மண் கொட்டியது.

“என்ன, கனக்கேல்லையே?” என்றார் அம்மப்பா.

“பஞ்சு மூட்டை ஐயா” என்றாள் சின்னம்மா. அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். நாங்கள் எல்லாரும் ஒரே பங்கருக்குள் இருந்த முதல் நாள் அது. குண்டு விழுகிற நேரத்தில் சந்தோசப்பட்ட ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அம்மப்பாவின் தோளில் விழுந்த மண்ணைத் தட்டப்போன அம்மாவின் கை அங்கேயே நின்றுவிட்டது. பயத்தில் என்று நினைத்தேன்.

சின்னம்மா இப்போது எங்களோடு கனடாவில் இருக்கிறாள். பிறந்தநாள் கொண்டாட்டம் எதிலும் ஒன்றரை அந்தரைத் தனியாளாகத் தூக்கிய கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். அம்மாவும் ‘ஓம் ஓம்’ என்று ஒத்து ஊதுவாள். ஒருமுறை சின்னம்மா எழும்பிப் போன பிறகு அம்மா எனக்கு மட்டும் மெல்லச் சொன்னாள்: “அண்டைக்கு ஐயா ஒண்டேகால் அந்தர்கூட இருக்கமாட்டார். தோளிலை எலும்புதான் என்ரை கையிலை பட்டது. அவளுக்குச் சொல்லிப்போடாதை.”

அந்த நாட்களில் அம்மப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பக்கத்தில் இருப்பது என் வேலையாக இருந்தது. மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடான காலம். எனக்கு எப்போதும் பசி. குசினி வாசலில் சின்னம்மாவின் முழங்கால் மடங்கிய அடுத்த நாள், அவர் தன் புட்டில் பாதியை எனக்குத் தள்ளினார். பிறகு பாதிக்கு மேல். அம்மா காணமுன்னம் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கச் சொல்வார். தன் மகளின் முதுகுக்குப் பாரம் குறையவேண்டும் என்று ஒரு மனிதர் என் கண்முன்னால் பட்டினி கிடக்கிறார் என்பது எனக்குப் படவே இல்லை. வீட்டில் எல்லாரிலும் என்னில்தான் அவருக்கு உயிர் என்று நம்பினேன். அவருடைய பங்கைக் கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றுவிட்டு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தருவீர்களா என்று கேட்டேன்.

“ஓம் மோனை, தருவன்” என்றார்.