பிழையே விடாத என்சைம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டி குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வரே? காப்பி ஆறிப்போறது பார்."

சுள்ளென்று ஏதோ பதில் சொன்னேன். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் எங்கள் ஆய்வகத்தின் மதிப்பீட்டுக் கூட்டம். மரபணுவைப் பார்த்துப் படியெடுக்கும் என்சைம் ஒன்றை, எழுத்துப்பிழை குறைவாக விடவேண்டும் என்பதற்காக, ஒரு வருடத்துக்கு மேலாகத் திருத்தி அமைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் முன்பு ஒரு மாற்றம் பலித்தது. படிகளைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, தட்டில் வளர்ப்போம்; டிஎன்ஏ உள்ளே போன பாக்டீரியா மட்டும் புள்ளி புள்ளியாக முளைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் இருந்த டிஎன்ஏவை வாசித்தால் ஒரு பிழைகூட இல்லை. புள்ளிகள் குறைவுதான். 'நிதானமாக எழுதுகிறது, அதனால்தான் சுத்தமாக எழுதுகிறது' என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் ஃபெலோஷிப்பை நீட்டிப்பதா வேண்டாமா என்பது இந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும்.

வெள்ளிக்கிழமை, கூட்டத்தில் காட்டும் ஸ்லைடுக்காகச் செய்முறையை வரிசையாக எழுதினேன். படியெடுத்த பிறகு, மிச்சமிருக்கும் மூல டிஎன்ஏவை மட்டும் வெட்டிப்போட இன்னொரு என்சைமைச் சேர்த்து ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். அந்த வரியில் கை நின்றுவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. மூலம் துளியூண்டு, படிகளோ கோடிக்கணக்கில், அந்த நேரத்தில் கேன்டீனுக்குப் போய் வரலாம் என்பது எங்கள் பழக்கம். படிகளே இல்லாவிட்டால்? மூலம் உள்ளே போனாலும் புள்ளி முளைக்குமே. ஆறு மாதமாகப் பிழை தேடி நான் வாசித்தது மூலத்தையேதானா?

சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தையும் விடாமல் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். திருத்தாத பழைய என்சைமுக்கு ஒரு தட்டு, என்னுடையதற்கு ஒரு தட்டு. புள்ளி முளைக்க ஒரு ராத்திரி வேண்டும்.

ஞாயிறு காலை அம்மா தந்த காப்பியை அப்படியே விட்டுவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றுகொண்டே இருந்தது, கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். இறங்கி ஆட்டோ பிடித்தேன். சிக்னலில் நிறுத்தியதற்குக்கூட ஆட்டோக்காரர் மேல் எரிச்சல்.

பழைய என்சைமின் தட்டில் எண்ண முடியாத புள்ளிகள். என் தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

என் கைடுக்கு போன் செய்தேன். நாகர்கோவில்காரர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இத வேற யாருட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

பொய் சொல்வானேன், 'அப்படியே இருக்கட்டும்' என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

"செரி. அப்பம் நாளைக்கு மீட்டிங்ல நீயே சொல்லு. வேற ஆளு சொல்லி அவங்க கேக்கப்பிடாது. எக்ஸ்டென்ஷன் இனி கிட்டாது, கேட்டியா."

"தெரியும் சார்."

போனை வைத்ததும் அழுகை வந்தது. வேலை போகிறதே என்றுதான் அழுகிறேன் என்று முதலில் நினைத்தேன். அதில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் நான் பெருமையடித்துக்கொண்ட அந்த என்சைம் இதுவரை ஓர் எழுத்தைக்கூட எழுதியிருக்கவில்லை. நான் வாசித்த அத்தனையிலும் அது ஒரே ஒரு பிழையாவது விட்டு, தனக்கும் எழுதத் தெரியும் என்று காட்டியிருக்கக்கூடாதா என்று இருந்தது.